நிலவறையில் வைத்த நத்தார்ச் சாப்பாடு

மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றியதும் சுள்ளென்று மூக்கில் ஏறுகிற அந்த மணம் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தையோ அலுவலகத்தையோ நினைவூட்டலாம். எனக்கு அது நத்தாரின் மணம், ஏனென்றால் என் ஒன்பதாவது வயதுவரை எங்கள் வீட்டில் நத்தார் என்பது கிறிஸ்து பிறப்புக் குடிலும் நட்சத்திரமும் அலுமாரிக்கு மேலிருந்து இறங்குவதற்கு முன்பே, வெள்ளைப் பிளாஸ்ரிக் வாளிகளின் மூடிகளில் ஒட்டிய காகித நாடாவில் "25 மத்தியானம் ஆடு", "27 இரவு கோழி" என்று நான் எழுத எழுத, அந்த மணமும் அடுப்பில் வற்றுகிற இறைச்சியின் மணமும் ஒன்றாய்க் கலந்துதான் தொடங்கும்.

நாங்கள் சுவிஸில், பீல் நகரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பாகங்கள் பொருத்துகிற வேலை. அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. வீட்டுப் பேச்சில் அந்த இல்லத்துக்கு "ஹைம்" என்றுதான் பெயர். நான் ஒரே பிள்ளை. அந்த வாளிகளும் ஹைமிலிருந்து வந்தவைதான். அங்கே தயிர் வந்திறங்குகிற ஐந்து கிலோ வாளிகளை வெறுமையானதும் எறிந்துவிடுவார்கள், நல்ல மூடியோடு இருக்கிற பாத்திரத்தை எறிகிற மனிதரைக் கண்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். வருடம் முழுக்கச் சேர்ந்த வாளிகள் மார்கழி மாதத்தில் கறியால் நிரம்பும்.

"பிளான்" என்ற வழக்கமும் ஹைமிலிருந்து வந்ததே. அங்கே தலைமைச் சமையல்காரர் ஒவ்வொரு கிழமையும் காலை, மத்தியானம், இரவு என்று கட்டம் போட்ட ஒரு தாளைச் சுவரில் குத்தி வைப்பாராம். அதைப் பார்த்தால் அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் எண்பது வயதுக் கிழவர் ஒருவர் என்ன சூப் குடிப்பார் என்பதை இன்றைக்கே சொல்லிவிடலாம். இதைக் கண்டு அம்மா அசந்துபோனார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே வெற்றுத் தாள்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கிவந்து, இருபத்திநாலாம் திகதி தொடங்கித் தை இரண்டாம் திகதிவரை எங்கள் வீட்டுக்கும் ஒன்று போட்டார். பத்து நாள், முப்பது கட்டம். எழுதுகிற வேலை எனக்கு, சொல்லுகிற வேலை அவருக்கு.

அது வெறும் ஆசைக்குப் போட்ட தாள் இல்லை. இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நத்தார்க் காலத்தில் கடைகள் பூட்டுகிற பூட்டு. இருபத்தைந்து, இருபத்தாறு, பிறகு ஒரு ஞாயிறு, பிறகு வருடப் பிறப்பு, அதற்கும் அடுத்த நாள் என்று ஒரு கட்டு கருவேப்பிலைகூட வாங்க முடியாத நாட்கள் வரிசையாக வரும். தொழிற்சாலை பூட்டிவிடுவதால் அப்பா பத்து நாளும் வீட்டில் நிற்பார், வேலை இல்லாத நாளில் அவருக்குப் பசி இரட்டிப்பு. ஷாஃப்ஹவுசனில் இருக்கிற அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, தன் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் இருபத்தைந்தாம் திகதி எங்கள் வீட்டுக்கு வருவார். ஹைமோ நத்தாருக்குப் பூட்டுகிற இடம் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு நாளாவது அம்மாவுக்கு வேலை விழும், அன்றைக்கு வீட்டுச் சாப்பாடு அவர் இல்லாமலேயே நடக்கவேண்டும்.

ஆகவே பிளானில் சாப்பாட்டின் பெயர் மட்டும் இருக்காது. எத்தனை மணிக்கு எந்த வாளியை எடுப்பது, எவ்வளவு நேரம் வெந்நீரில் வைப்பது, எந்தச் சட்டியில் ஊற்றுவது எல்லாம் இருக்கும். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மறந்தும் இறைச்சி வராது, மீன்தான். முப்பத்தோராம் திகதி இரவு அப்பாவின் விருப்பத்துக்காக "ராக்கிளெட்", அதாவது உருக்கிய சீஸும் அவித்த உருளைக்கிழங்கும், பக்கத்தில் அம்மாவின் மிளகாய்ச் சம்பலோடு. மிஞ்சுகிற கிழங்கு மறுநாள் காலையில் பிரட்டலாகிவிடும் என்பதும் முன்கூட்டியே அடுத்த கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். அப்பா அந்தத் தாளைத் தொழிற்சாலையில் கொடுக்கிற வேலைத்தாளைப் போலவே படிப்பார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, எழுதியதை எழுதியபடி செய்வார், எழுதாததைச் செய்யமாட்டார். ஒருமுறை சோற்றுக்கு உப்புப் போட எழுத மறந்துவிட்டோம். உப்பில்லாச் சோறு வந்தது. கேட்டதற்கு, "பிளானிலை இல்லாதது என்ரை பொறுப்பில்லை" என்றார்.

சமைத்தவை எல்லாம் கீழே நிலவறைக்குப் போகும். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே மரச் சட்டம் அடித்த ஒரு சின்ன அறை உண்டு, அதற்குப் பெயர் "கெல்லர்". எங்கள் கெல்லரில், மேல்மாடியிலிருந்து வீடு மாறிப்போன ஒரு சுவிஸ் அம்மையார் விட்டுச் சென்ற உறைபெட்டி ஒன்று நின்றது. வாளிகளைக் கொண்டுபோய் அடுக்குவது என் வேலை, பிளான்படி எடுத்துவருவது அப்பாவின் வேலை, சாவி என் கழுத்தில்தான் தொங்கும், அப்பா என்னைக் "கெல்லர் மந்திரி" என்று கூப்பிடுவார். அந்தப் பதவியில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், கார்த்திகை மாதத்தில் ஹைமின் வேலை அட்டவணை வந்தது. இருபத்திநாலு, இருபத்தைந்து, இருபத்தாறு என மூன்று நாளும் அம்மாவுக்குக் காலை வேலை என்று போட்டிருந்தது. விடிவதற்கு முன் போனால் பின்னேரம் நாலு மணியாகும் வர. ஒரு நாள் போவதை நான் பழகியிருந்தேன். மூன்று நாளும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் நத்தாருக்கு அம்மாவோடு பிஸ்கட் சுடுவதைப் பற்றிக் கதைக்கிற மாதம் அது. நான் ஹைமில் இருக்கிற முதியவர்கள் எல்லோர்மீதும் ஒரே நாளில் கோபம் கொண்டேன்.

கேட்டேன். அதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் அதுதான் என் ஒரே சாட்சி. சனிக்கிழமை ஒன்றில், வெங்காயம் உரிக்கிறபோது, "அம்மா, நத்தார் அண்டைக்கு மட்டும் வீட்டிலை நில்லுங்கோவன்" என்று கேட்டேன்.

"அங்கையும் ஆக்கள் சாப்பிடவேணும்தானே, பிள்ளை" என்றார் அம்மா. "அவைக்கு ஆர் சமைக்கிறது?"

"எங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

"உங்களுக்கு எல்லாம் சமைச்சு வைச்சிட்டுத்தானே போறன். சாப்பாடு இல்லையெண்டால்தான் நான் போகேலாது. எல்லாம் கீழை இருக்கப்போகுது, பிறகென்ன?"

அம்மா அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். நான் அதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டேன். சாப்பாடு இல்லையென்றால் அம்மா போகமுடியாது. இதை அவரே சொல்லிவிட்டார்.

நத்தாருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்த கையோடு அம்மா அடுப்பை மூட்டினார். ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழிக் கறி, கணவாய், கத்தரிக்காய், ரோல்ஸுக்கு உள்ளீடு என்று நாலு அடுப்பிலும் நாலு சட்டி. அம்மா கறியை ஆறவைக்கிற விதம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. சட்டிகளைப் பல்கோனிக் குளிரில் வைத்து, மூடியைச் சற்றே திறந்துவிட்டு, இடையிடையே போய்க் கிளறி, புறங்கையைச் சட்டியின் அடியில் வைத்துப் பார்ப்பார். அடி குளிர்ந்தால்தான் வாளிக்குள் போகும். ஹைமில் வெப்பமானி வைத்து அளப்பார்களாம். "என்ரை கைக்கு மேலை என்ன மெசின்" என்பார். பின்னேரம் பதினொரு வாளிகள் நாடா ஒட்டி, பெயர் எழுதி, கெல்லருக்குப் போயின. தூக்கிக்கொண்டு போனது மந்திரியாகிய நான்தான்.

திங்கட்கிழமை, இருவரும் வேலையால் வருவதற்கு முன், நான் கீழே போய் உறைபெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தது என்று நீங்கள் பெருந்தன்மையோடு சொல்லக்கூடும். எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கெல்லர் கட்டடத்தைச் சூடாக்குகிற கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருந்தது, குளிர்காலத்திலும் அங்கே மேலங்கி தேவைப்படாது. முந்தின நாள் வைத்த கறி இன்னும் சரியாக உறைந்திருக்காது என்பதும் தெரியும், ஏனென்றால் வாளியைத் தட்டிப் பார்த்தேன். என் திட்டம் இதுதான்: நாளைக்கோ மறுநாளோ அப்பா ஏதாவது எடுக்கக் கீழே போவார், கெட்டுப்போனதைக் காண்பார், அம்மா ஹைமுக்கு அழைத்து "வரமுடியாது" என்று சொல்லிவிட்டு இருபத்தைந்தாம் திகதி வீட்டில் நின்று புதிதாகச் சமைப்பார். எதைச் சமைப்பார், கடையே இல்லாத நாளில் இறைச்சி எங்கே கிடைக்கும் என்பதுவரை என் மூளை போகவில்லை.

நான் கணக்கில் விட்ட இன்னொருவர் அப்பா. இருபத்திநாலாம் திகதிக்குரிய பருப்பும் மீனும் மேலே குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. கெல்லர் வாளிகளைப் பற்றிப் பிளானில் முதலில் எழுதியிருந்தது "25 காலமை 7 மணி: எடுக்கவும்" என்பதுதான். எழுதியவளும் நான்தான். அதற்கு ஒரு நிமிடம் முன்னதாகவும் அப்பா கீழே போகிறவர் இல்லை. செவ்வாய் போனது, ஒருவரும் போகவில்லை. புதன்கிழமை மத்தியானம் எனக்குப் பயம் பிடித்தது. மாலையில் நத்தார்ப் பூசை, குழந்தை யேசுவுக்கு முன்னால் போய் முழங்காலில் நிற்கவேண்டும். ஓடிப்போய்ப் பிளக்கைத் திரும்பவும் சுவரில் செருகினேன். பெட்டி உறுமத் தொடங்கியது. இரண்டு நாள் தானே, ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாளிகளைத் திறந்து பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.

இருபத்தைந்தாம் திகதி காலை அப்பா என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு போய் ஏழு மணிக்கு வாளிகளை எடுத்தார். ஓரங்களில் ஐஸ் கட்டியிருந்தபடியால் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எழுதியிருந்தபடி வெந்நீரில் வைத்து, எழுதியிருந்தபடி பதினொன்றரைக்குச் சட்டியில் ஊற்றினார். அந்த நேரம்தான் மாமி குடும்பம் ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்து இறங்கியது. கதவடியில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த மாமி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் வந்தார். ஆட்டிறைச்சி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. புளித்த மணம் வீடு முழுக்க நிறைந்துவிட்டது. அடுத்த வாளியும் அப்படித்தான். கோழியும் அப்படித்தான்.

மாமி கெட்டவர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வாளிகளைப் பற்றி அவருக்கு முன்பே ஒரு அபிப்பிராயம் இருந்தது. நத்தாருக்குக் கறி அன்றைக்கே அடுப்பிலிருந்து இறங்கவேண்டும் என்பது அவர் கட்சி. அன்று அவர் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் சொல்லுவேன்: "நாலு நாளைக்கு முந்திக் காய்ச்சி வாளியிலை அடைச்சால் இப்பிடித்தான். ஹைமிலை கிழடுகளுக்குப் பாத்துப் பாத்துச் சமைக்கிறா, வந்த சனத்துக்கு ஊசல் கறி." அப்பா பிளானை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மாமாவும் அப்பாவும் ரயில் நிலையத்துக்குப் போனார்கள், விடுமுறை நாளில் அங்கே மட்டும்தான் ஒரு கடை திறந்திருக்கும். முட்டையும் பாணும், தகரத்தில் அடைத்த ரின் மீனும் கிடைத்தன. மாமி சமைத்தார். பத்து நிமிடத்தில் குசினி அவருடையதாகிவிட்டது, எந்தச் சட்டி எங்கே என்று என்னைக் கேட்டுக் கேட்டு எடுத்தார், நானும் எடுத்துக் கொடுத்தேன். ரின் மீன் கறியும் முட்டைப் பொரியலுமாக அந்த வருடத்து நத்தார் விருந்து நடந்தது. மாமியின் பிள்ளைகள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

நாலரைக்கு அம்மா வந்தார். கன்னமெல்லாம் குளிரில் சிவந்து, கையில் ஹைமில் கொடுத்த ஒரு சின்னக் கேக் பெட்டியோடு, வாசலிலேயே நின்று, "என்ன, எல்லாரும் சாப்பிட்டாச்சோ? ஆடு எப்பிடி, மச்சாள்?" என்று கேட்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மூன்று வாரமாக யோசித்து, எழுதுவித்து, சமைத்து, ஆறவைத்து, வீட்டில் இல்லாமலே வீட்டை நடத்திவிட்டேன் என்கிற சந்தோஷம் அதில் இருந்தது. நடந்ததை மாமிதான் சொன்னார்.

அம்மா மேலங்கியைக் கழற்றாமலே கெல்லருக்குப் போனார். நானும் பின்னால் போனேன். உறைபெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்தது. மிச்சமிருந்த வாளிகளை ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். பிறகு தன் புறங்கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "ஆறமுதல் மூடிப்போட்டன் போலை" என்றார். "எனக்கு விளங்கேல்லை. ஆறினதெண்டுதான் நினைச்சன்."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். இரண்டடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். அம்மா என்னை அடிக்கிறவர் இல்லை, அதனால் பயத்தின்மேல் பழியைப் போடவும் எனக்கு வழியில்லை. நான் பேசாமல் நின்றேன். அவ்வளவுதான்.

மேலே வந்து அம்மா எல்லோருக்கும் முன்னால் "என்ரை பிழைதான் மச்சாள், அவசரப்பட்டிட்டன்" என்று சொன்னார். மாமி உடனே இரங்கி, "பரவாயில்லை, அடுத்த வருசம் எங்கடை வீட்டை வாருங்கோ, நான் பாக்கிறன்" என்றார். ஒரு பேச்சுக்குச் சொன்னதென்று நினைத்தோம். இல்லை. அடுத்த வருடம் நத்தார் ஷாஃப்ஹவுசனுக்குப் போனது. அதற்கடுத்த வருடமும். அம்மாவுக்கு வேலை விழுந்த வருடங்களில் அப்பாவும் நானும் மட்டும் ரயிலேறினோம். அம்மா ஹைமில் வேலையை முடித்துவிட்டு வெறும் வீட்டுக்கு வந்து ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டிருப்பார். நத்தார் அன்று அம்மா என்னோடு இருக்கவேண்டும் என்று நான் செய்த வேலை, அம்மா இல்லாத நத்தார்களைத்தான் எனக்குக் கொண்டுவந்தது. பிளான் எழுதுவதும் நின்றது. வாளிகளில் அம்மா மாவையும் அரிசியையும் போட்டு வைத்தார், கறியை ஒருநாளும் வைக்கவில்லை.

சொல்ல முயலவில்லை என்றும் இல்லை. அடுத்த மாசியில், முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மைக்கு முன்னதான என் முதல் பாவசங்கீர்த்தனத்தில், பங்கின் வயதான சுவிஸ் குருவானவரிடம், "நான் ஒரு பிளக்கைப் பிடுங்கினேன்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, திரும்பச் செருகினாயா என்று கேட்டார். செருகினேன் என்றேன். அப்படியானால் நல்லது, பிள்ளை, என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டார். கடவுளின் முன்னால் விஷயம் முடிந்துபோனது. வீட்டில் முடியவில்லை.

சித்திரை மாதத்தில் எனக்கு முதல் நன்மை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா விடுமுறையில் நின்றார். வெள்ளைச் சட்டையின் ஓரத்தை அவரே தைத்தார், முடியை அவரே பின்னினார், கோயிலில் முதல் வாங்கில் நீலச் சேலையோடு இருந்தார். என் வாழ்க்கையிலேயே அம்மா முழுக்க முழுக்க எனக்கென்று நின்ற இரண்டு நாட்கள் அவை. ஞாயிறு பின்னேரம், ஹைமில் அம்மாவோடு வேலை செய்கிற கிராசா என்ற போர்த்துக்கேயப் பெண் வேலை முடித்த கையோடு முட்டைப் பணியாரப் பெட்டியோடு வந்தார். என்னைக் கட்டியணைத்துவிட்டு, உடைந்த ஜெர்மனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: உன் அம்மா எனக்கு நத்தாரைத் தந்தாள், மூன்று நாளும் தந்தாள், அதற்குப் பதிலாகத்தான் இந்த இரண்டு நாளையும் என்னிடம் கேட்டு வாங்கினாள், என் பிள்ளைகளோடு ஊரில் நத்தார் கொண்டாடினேன்.

நான் வெள்ளைச் சட்டையோடு நின்றேன். அட்டவணை ஹைம் போட்டதில்லை, அம்மா கேட்டு வாங்கியது. எனக்காக வாங்கியது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் சொல்லவில்லை.

இப்போது நான் ரெனானில் இருக்கிறேன், லொசானில் ஒரு பல் வைத்தியரின் நிலையத்தில் வேலை. பீலில் அந்தக் கட்டடத்தைத் திருத்தியபோது கெல்லர் அறைகளை இடித்துச் சைக்கிள் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். அப்பாவின் தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட்டது. மாமா காலமாகிவிட்டார், மாமியின் பிள்ளைகள் சமையல் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் நத்தார்ச் சாப்பாட்டைத் தட்டுத் தட்டாக எடுப்பிக்கிறார்கள். பத்து நாளுக்கு முன்கூட்டி யோசித்து, முப்பது கட்டம் நிரப்பி, சாப்பாட்டுக்கு மேல் நாளும் நேரமும் எழுதி வைக்கிற வீடு எனக்குத் தெரிந்து இன்று ஒன்றும் இல்லை.

அம்மா போன வருடம் ஓய்வுபெற்றார். கார்த்திகையில் என்னோடு இரண்டு கிழமை நிற்க வந்திருந்தார். ஒரு மத்தியானம், நத்தாருக்குப் பீலில் எங்கள் வீட்டில் என்ன சமைக்கலாம், எதையெல்லாம் முன்னதாகச் செய்து உறையவைக்கலாம் என்று நான் கைபேசியில் ஒரு பட்டியல் போடத் தொடங்கி, "அம்மா, ஆட்டை ஞாயிற்றுக்கிழமையே வைப்பமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை" என்றார் அம்மா. "அண்டைக்கண்டைக்குச் சமைப்பம். என்ரை கையை நம்பேலாது, உனக்குத் தெரியும்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாற்பது வருடமாக மூன்று வேளையும் சமைத்த கை அது. பட்டியலை மூடி வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கியதிலிருந்து திரும்பச் செருகியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். கிராசா சொன்னதையும் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன், அதை மறைப்பானேன்.

அம்மா தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப கறி ஆறித்தான் இருந்தது" என்றார்.

"ஓம் அம்மா."

"நான் அப்பவே நினைச்சனான். சட்டியடி குளிர்ந்திருந்தது."

பிறகு என்னைப் பார்த்து, "ஏன் பிள்ளை, என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, நில்லுங்கோ எண்டு" என்றார்.

"கேட்டனான், அம்மா."

அம்மா யன்னல் பக்கம் திரும்பினார். அவருக்கு அந்தச் சனிக்கிழமை, வெங்காயம் உரித்த அந்த நேரம், திரும்பி வந்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேன். "ஓம்" என்றார் மெதுவாக. "கேட்டனி."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு எழும்பிக் குசினிப் பக்கம் போனவர், வாசலில் நின்று திரும்பினார். "இந்தமுறை மாமியைப் பீலுக்கு வரச் சொல்லு. ஆடு நான் வைக்கிறன், ஞாயிற்றுக்கிழமையே வைக்கிறன். ஆனால் இந்தக் கதை ஒண்டும் அவவுக்குச் சொல்லிப்போடாதை, உன்னைத்தான் பேசுவா."

அன்று பின்னேரமே ஷாஃப்ஹவுசனுக்கு அழைத்தேன். மாமியை நத்தாருக்குப் பீலுக்கு வரச் சொன்னேன். பிறகு, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கறியைப் பழுதாக்கியது யார் என்பதையும் சொன்னேன்.